டி.டி.பி. கடையில் ஒப்படைத்த ஆய்வு

ஆய்வேட்டை எழுதுகிறவருக்கு அதைக் கணினியில் ஆக்கவும் தெரிய வேண்டாமா? தமிழ் ஆய்வுலகம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாடம் இது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்துக்குப் போய், பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் ஆய்வேடு ஒன்றைத் திறந்துபாருங்கள். எழுத்து கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். அதில் ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒட்டுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கமே ஸ்கேன் செய்த படம் என்பதால் வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தேர்ந்தெடுக்க முடிந்தாலோ, ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்துகட்டி வந்து விழும். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டும்தான் எழுத்துரு செய்யும் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆய்வும் இல்லை.

காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் ஷோத்கங்காவை நடத்துகிறது. ஆய்வேடுகளின் மின்வடிவைத் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2009-லேயே விதி செய்தது. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்திருக்கின்றன. ஆனால் படமாகவோ எழுத்துக் குப்பையாகவோ கிடக்கும் தமிழ் ஆய்வேட்டுக்குள் எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது. தலைப்பில் ‘நெய்தல்’ இருந்தால் கிடைக்கும். நாலாவது இயலில் நெய்தல் பற்றி நாற்பது பக்கம் இருந்தாலும், தலைப்பில் இல்லையென்றால் கிடைக்காது. பிறகு இன்னொருவர் அதே தலைப்பில் அதே ஆய்வை முதலிலிருந்து தொடங்குகிறார். இதைத்தான் ‘தமிழில் ஆய்வுகள் திரும்பத் திரும்ப வருகின்றன’ என்று கருத்தரங்குகளில் சலித்துக்கொள்கிறோம்.

ஆய்வாளருக்கு ஏட்டுச்சுவடி படிக்கக் கற்றுத்தருகிறோம், கல்வெட்டு எழுத்தைக் கற்றுத்தருகிறோம். தன் எழுத்தையே கணினியில் ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கற்றுத்தருவதில்லை.

கடைசி மாதத்துக் கூத்து

பல்கலைக்கழக வாசல்களில் இருக்கும் டி.டி.பி. கடைகளுக்கு ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம்தான் திருவிழாக் காலம். கைப்பிரதிக் கட்டு மேசையில் இருக்கும். ஆபரேட்டரின் விரல் பறக்கும். பக்கத்து ஸ்டூலில் ஆய்வாளர் உட்கார்ந்து ‘அண்ணே, அந்த ஒற்று விட்டுப்போச்சு’ என்று திரையைக் காட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆபரேட்டர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வருடக்கணக்கில் ஆய்வேடு அடித்து அடித்து, எழுதியவரே கவனிக்காத சந்திப்பிழையைத் திருத்திக் கொடுக்கிறவர்கள் அவர்களில் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நெறியாளர் கடைசி வாரத்தில் ‘மூன்றாம் இயலில் 14-ஆம் அடிக்குறிப்புக்குப் பிறகு ஒன்றைச் சேர்’ என்பார். குறிப்பு எண்களைக் கையால் அடித்திருந்தால் 15 முதல் 112 வரை அத்தனையும் கையால் மாற வேண்டும். வரியில் ஒருமுறை, பக்கத்தின் அடியில் ஒருமுறை. எங்கோ ஓரிடத்தில் ஒன்று தவறும். அதிலிருந்து எல்லா மேற்கோளும் ஒரு படி நகர்ந்து உட்கார்ந்துவிடும். பத்துப்பாட்டு மேற்கோளுக்கு அடியில் பத்திரிகைக் கட்டுரையின் பக்க எண் நிற்பது இப்படித்தான். புறத்தேர்வாளர் அதைப் பார்த்து ஆய்வாளரின் நேர்மையைச் சந்தேகிப்பார். தவறியது நேர்மையல்ல, எண்.

இத்தனைக்கும் வேர்டிலும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலும் அடிக்குறிப்புக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதன் வழியாகச் சேர்த்தால் எண்கள் தானே நகரும். இயல் தலைப்பு, உட்தலைப்பு ஆகியவற்றுக்கு ‘ஸ்டைல்’ கொடுத்துவைத்தால் பொருளடக்கம் பக்க எண்ணோடு ஒரே சொடுக்கில் வரும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி அளவைப் பெரிதாக்குவது அலங்காரம். ‘இது தலைப்பு’ என்று கணினிக்குச் சொல்வது அமைப்பு. இந்த ஒரு வேறுபாடு புரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது என்பேன். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். முனைவர் பட்டமோ குறைந்தது மூன்று ஆண்டு!

பாமினி ஏன் சாகவில்லை?

பாமினிக்கு மாற்றான, எழுத்துக்கொரு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடு புதிதாக வந்த சங்கதியல்ல. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000-இலேயே லதா என்ற யூனிகோடு எழுத்துரு வந்துவிட்டது. இடையில் தமிழ் கடந்துவந்த குழப்பம் தனிக்கதை: ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. டிஸ்கி என்றொரு தரம் இணையத் தமிழர்களின் கூட்டு முயற்சியில் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடையும், அதன் கூடவே டேஸ்-16 என்ற 16 பிட் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அத்தோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும்.

தீராததற்குக் காரணம் அச்சகம். தமிழ்ப் புத்தக உலகம் பேஜ்மேக்கரில் வளர்ந்தது. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள் அது. பிறகு அடோபியின் கைக்குப் போய், 2001-இல் வந்த 7.0-வோடு வளர்ச்சி நின்றுபோனது. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனாலும் பழகிய கை, பழகிய எழுத்துரு, பழகிய பிளேட் முறை என்று கடைகள் அதை விடவில்லை. வளர்ச்சி நின்று கால் நூற்றாண்டு ஆகப்போகும் மென்பொருளுக்காக இன்றைக்கும் ஆய்வாளர் தன் கோப்பைப் பாமினிக்கோ வானவில் எழுத்துருவுக்கோ மாற்றிக் கொடுக்கிறார். இலங்கையில் பாமினியின் பிடி இன்னும் இறுக்கம். மாற்றும்போது வடமொழி எழுத்தும் மேற்கோள் குறியும் ஆங்கிலச் சொற்களும் சிதையும். அச்சான பிறகு திருத்தமான பிரதி பேஜ்மேக்கர் கோப்பில் மட்டுமே இருக்கும். ஆய்வாளரிடம் மிஞ்சுவது திருத்தம் ஏறாத பழைய பிரதி.

முதலில் விரல் பழகட்டும்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் தட்டச்சிலிருந்து என்பேன். இன்றைய மாணவர்கள் செல்பேசியில் ஆங்கில ஒலிப்பை அடித்துத் தமிழை வரவழைக்கிறார்கள். வாட்ஸ்அப்புக்கு அது போதும். முந்நூறு பக்க ஆய்வேட்டுக்கு அந்த முறை விரலையும் ஒடிக்கும், எழுத்தையும் கெடுக்கும். ணகர, னகர, நகர வேறுபாட்டைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று நினைவு வைத்து அடிப்பது தமிழில் யோசிக்கிறவருக்கு ஒவ்வாத வேலை.

தமிழ்99 தமிழின் இலக்கணத்தையே விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. 31 விசையில் 247 எழுத்தும் அடங்கும். உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். இரட்டிக்கும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ப, ந, த, உ என்று தட்டினால் ‘பந்து’. நகரத்துக்குப் பின் அதன் இன எழுத்தான தகரம் வந்தால் இடையில் புள்ளி வரும் என்பது அதற்குத் தெரியும். தினம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் கை பழகிவிடும். குரல்வழித் தட்டச்சும் இருக்கிறது. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுதும். முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. சங்கப் பாட்டை மட்டும் அதனிடம் சொல்லிவிடாதீர்கள்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

யூனிகோடில் அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. இங்கேதான் ஆய்வாளருக்கே உரிய நுட்பம் தொடங்குகிறது.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் தெரியும். ஆனால் உள்ளே இரண்டு வேறு சரங்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாத மென்பொருள்கள் உண்டு. ‘கொற்றவை’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையின் மேல் ஒரு கோட்பாட்டையே கட்டியிருக்கிறீர்கள் என்றால், எண்ணிக்கை தவறினால் கோட்பாடு என்ன ஆகும்? இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கு இயல்பாக்கம் என்று பெயர். எண்ணத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

இன்னும் நுணுக்கமான திருட்டுகள் இருக்கின்றன. காலுக்குப் பதில் ரகரம் நுழைந்துவிடும். ‘நான்’ என்பது ‘நரன்’ ஆகி, சில எழுத்துருக்களில் கண்ணுக்கே பிடிபடாது. தமிழ் எண் ஏழு எகரத்தைப் போலவும், எட்டு அகரத்தைப் போலவும், இரண்டு உகரத்தைப் போலவும் இருப்பதால், பக்கப் படத்தை எழுத்தாக்கும் ஓ.சி.ஆர். முறையில் எடுத்த கோப்புகளில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எண் போய் உட்காரும்.

மென்பொருள்களும் தமிழை நினைத்து எழுதப்பட்டவையல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினி ஐந்து என்று எண்ணும்; இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி உருப்படிகள். பைத்தான் மொழியின் வழக்கமான சொல்பிரிப்பு விதியிடம் இச்சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக்கித் திருப்பித்தரும். குறிகளை எழுத்தின் பகுதியாக அந்த விதி கருதாததுதான் காரணம். ஜப்பானில் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கி இலவசமாகத் தரும் ஆண்ட்கான்க் என்ற சொல்லாய்வுக் கருவியிலும், எதைச் சொல்லாக எண்ணுவது என்ற அமைப்பில் உயிர்க்குறி வகையையும் சேர்க்கச் சொல்லாவிட்டால் இதே கூத்து நடக்கும். தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்கென்று முத்து அண்ணாமலை முதலியோர் செய்துவைத்த ‘ஓப்பன் தமிழ்’ நிரல்தொகுப்பு இருக்கிறது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர் அதை எடுத்தாளலாம்.

அகரவரிசை இன்னொரு பொறி. யூனிகோடு அட்டவணையில் நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம் என்று இருக்கிறது. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. அந்த வரிசையிலேயே சொல்லடைவை அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை குலையும். லிப்ரே ஆபிஸில் வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் இது சரியாகும். தேர்வுப்பெட்டி ஒன்றில் செய்ய வேண்டிய மாற்றம்தான். அது இருப்பது தெரியாமல் சொல்லடைவைத் துண்டுச் சீட்டில் எழுதி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். துண்டுச் சீட்டு முறைக்கு நான் எதிரியல்ல. அதில் ஒரு தியானம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் சீட்டுக்கு மேல் தியானம் தாங்காது.

மூலம் வீட்டுக்கே வந்திருக்கிறது

இந்த நுட்பங்களுக்கு இன்று மதிப்பு கூடியிருப்பதற்குக் காரணம், மூலநூல்கள் பெருமளவில் மின்வடிவுக்கு வந்துவிட்டதுதான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோர் முன்னெடுக்கத் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து வளர்த்தது. இலங்கைத் தமிழருக்கு 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-இல் திறக்கப்பட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அவை 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. முன்பு ஒரு பழைய பதிப்பைப் பார்க்க ஊர் ஊராக அலைந்த ஆய்வாளர் இன்று படுக்கையில் சாய்ந்தபடி பி.டி.எஃப். திறக்கிறார்.

படத்தை எழுத்தாக்குவதற்கு ஓ.சி.ஆர். உண்டு. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகத் தரும். டெசராக்ட் என்ற திறந்தமூல மென்பொருளும் தமிழ் அறியும். அச்சு தெளிவாக இருந்தால் விளைவு நன்றாகவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு என்றால் தடுமாறும். அக்கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருக்கும், பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்கள் யானைத் தும்பிக்கையோடு நிற்கும். எந்திரம் கொடுத்ததை எழுத்தெண்ணிப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது, கடன் வாங்கிய பிழையைச் சொந்தப் பெயரில் பதிவுசெய்வது.

மெய்ப்புப் பார்க்கப் பழகுவதற்கு இலவசப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது: தமிழ் விக்கிமூலம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பொதுவுரிமையில் அங்கே ஏற்றப்பட்டன. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன் அவற்றை மொத்தமாக எழுத்தாக்க நிரல் எழுதினார். இடப்புறம் எழுத்து, வலப்புறம் பக்கத்தின் படம். பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துப் பச்சையாக்கினால், மெய்ப்புத் திருத்தமும் பாடபேதக் கூர்மையும் கைக்கு வரும். தமிழுக்கு ஒரு புத்தகமும் மிச்சம். உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887-இல் கொண்டுவந்தபோது அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து தாள்தாளாகப் புரூஃப் பார்த்தார். பதிப்பாசிரியரின் வேலை அன்றும் இதுதான்.

நூற்பட்டியலும் ஒப்புமை விழுக்காடும்

சொட்டேரோ என்ற மென்பொருளை அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். கணினிப் பொறியாளருக்காகச் செய்ததல்ல. அடிக்குறிப்பில் அல்லல்பட்ட வரலாற்றுக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. படிக்கிற நூலை, கட்டுரையை அதில் சேர்த்துக்கொண்டே போனால் எழுதும்போது மேற்கோளும் இறுதியில் நூற்பட்டியலும் தானே அமையும். தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு சூட்சுமம்: பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரே கட்டமாகும், ‘வையாபுரிப்பிள்ளை, ச.’ என்று நீங்கள் விரும்பியபடியே அதில் இடலாம். மேற்கோள் பாணிகள் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டவை என்பதால் தமிழ்ப் பட்டியலுக்குள் ஆங்கிலச் சுருக்கங்கள் தலைநீட்டும். கடைசியில் ஒருமுறை கையால் களையெடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இல்லாத நூலுக்கு இருக்கிற ஆசிரியரையும், நம்பும்படியான பதிப்பகத்தையும் ஆண்டையும் சேர்த்துத் தருவதில் அவை சமர்த்து. தமிழ் நூல்கள் விஷயத்தில் இன்னும் தாராளம். நூலகத்தில் கையில் எடுத்துப் பார்க்காத நூல் பட்டியலில் ஏறக் கூடாது என்ற பழைய விதியே இதற்கும் போதும்.

கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2018-இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை; 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்கவே முடியாது; அதற்கு மேல் பதிவே ரத்து. உரிய சான்றோடு தரும் மேற்கோளுக்கும் நூற்பட்டியலுக்கும் விலக்கு உண்டு. இதை அறியாமல் சங்கப் பாடல் மேற்கோளையே வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: பாமினியில் அடித்த ஆய்வேட்டை யூனிகோடு நூல்களோடு ஒப்பிட வழக்கமான ஒப்புமை மென்பொருளுக்கு வழியில்லை. முழுக்க நகலெடுத்தவருக்கும் நற்சான்று கிடைக்கும்.

பக்கம் ஆக்குவது

வடிவமைப்பு என்றதும் அட்டைப்படம் நினைவுக்கு வருகிறது. ஆய்வு நூலுக்கு உள்பக்கம்தான் முக்கியம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் சீராக வர வேண்டுமென்று இழுத்தால் வரிக்கு நடுவே ஓட்டை விழும். பழைய அச்சுக்கோப்பவர்கள் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலேயே உடைத்தார்கள். புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறிவு இன்று மென்பொருளுக்குத் தெரியாது, பக்கம் ஆக்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்தைக் கொட்டினால் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்து, ‘யூனிகோடு இதில் வேலை செய்யாது’ என்று திரும்பிப் போனவர்கள் அநேகம். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற தேர்வை மாற்றினால் சரியாகிவிடும். 2012-இல் வந்த சி.எஸ்.6 முதலே அது இருக்கிறது. சந்தா கட்ட முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் இலவசம். அதன் புதிய பதிப்புகள் தமிழை ஒழுங்காகக் காட்டும். பாடபேதங்களும் பல அடுக்கு அடிக்குறிப்புகளும் நிறைந்த பதிப்பு என்றால் நான் லேடெக் பக்கம்தான் சாய்வேன். டொனால்ட் நூத் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃப் சகிக்காமல் 1977-இல் தானே அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதக் கிளம்பினார். அந்தக் கோபத்தில் பிறந்த டெக்கின் மேல் எழுந்தது லேடெக். அதன் ஸீடெக் வடிவம் யூனிகோடுத் தமிழை நேரடியாக ஏற்கும்.

வரைபடம், தாழி ஓவியம் முதலியவற்றை இங்க்ஸ்கேப்பில் கோட்டோவியமாக வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாது. அகழாய்வு இட வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ். அச்சுக்குப் போகும் படம் 300 புள்ளி அடர்த்தியில் இருக்கட்டும். அச்சில் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். 161 பக்கத்தில் புத்தகத்தை முடித்துவிட்டு அச்சகக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

எழுத்துரு விஷயத்தில் பஞ்சமில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. ஓர் எச்சரிக்கை: யூனிகோடில் அடித்துச் செய்த பி.டி.எஃப்.பிலும் நகலெடுக்கும்போது கொம்பும் கொக்கியும் இடம் பெயர்வதுண்டு. எழுத்தின் வடிவத்தைக் காட்டப் பிறந்த கோப்பு வகை அது. பி.டி.எஃப்.போடு மூலக் கோப்பையும் காப்பாற்றுங்கள்.

வெளியீட்டுச் சந்தை

இங்கே ஏமாறுவது சுலபம். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. அதற்குப் பணம் கேட்டால் கேட்பவர் இடைத்தரகர். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோவில் ஆய்வேட்டையும் தரவையும் வைத்தால் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ. இலவசம். ஆய்விதழ் நடத்த விரும்பும் துறைகளுக்கு ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் இலவசமாக இருக்கிறது.

இதழ்களைத் தரம்பிரித்துக் காட்டிவந்த யு.ஜி.சி.-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எந்த இதழ் நல்ல இதழ் என்று ஆய்வாளரே முடிவுசெய்ய வேண்டும். கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே ‘ஏற்கப்பட்டது, பணம் கட்டவும்’ என்று பதில் வந்தால் படித்துப்பார்த்து வந்த பதில் அல்ல அது.

எங்கே கற்பது?

ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபிஸ், லேடெக், இங்க்ஸ்கேப் பாடங்கள் பத்துப் பத்து நிமிடக் காணொளிகளாக இருக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. கட்டணம் இல்லை. கணியம் இதழில் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறார்கள். கருவிக்கும் குறையில்லை, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கணினி வாங்கிய தலைமுறையிலிருந்து பலர் இன்று முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் பயிலரங்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதல் நாள் தொடக்கவிழா, பொன்னாடை, துறைத்தலைவர் உரை. இரண்டாம் நாள் சான்றிதழ், குழுப்படம். நடுவில் ஒருவர் திரையில் சொடுக்கிக் காட்டுவார், எல்லோரும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். கொரோனா காலத்து இணையவழிக் கருத்தரங்குகள் மின்சான்றிதழைத்தான் பெருக்கின, திறனை அல்ல. விரல் பழகும் வித்தையைக் கேட்டுக் கற்க முடியாது. வாரம் இரண்டு மணி நேரம், சொந்த ஆய்வுத் தரவை வைத்து, ஒரு பருவம் முழுக்கச் செய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும்.

அதற்கு இடமும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. முனைவர் பட்ட விதிப்படி ஆய்வாளர் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடவேலை முடிக்க வேண்டும். இதில் ஆய்வு வெளியீட்டு அறநெறித் தாள் 2 கிரெடிட். மீதிக் கிரெடிட்டுகளில் ஆய்வியல் நெறிமுறைத் தாள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பல இடங்களில் அது இன்னும் ‘கருதுகோள் என்றால் என்ன’ என்பதைத் தாண்டவில்லை. அந்தத் தாளில் பாதியைக் கணினி முன்னால் நடத்துங்கள். தேர்வாக, பத்துப் பக்கப் பழம்பதிப்பு ஒன்றைக் கொடுத்து, எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்து, அடிக்குறிப்பும் சொல்லடைவும் சேர்த்து, பக்கம் அமைத்துத் தரச் சொல்லுங்கள். தமிழ்த்துறைத் தலைவர்கள் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்க வேண்டும். வரும் கல்வியாண்டில் பதியும் ஆய்வாளர்களுக்கே தொடங்கிவிடலாம்.